பழனி மலைக்குப் படிக்க வந்த பக்கத்து நாட்டவர்

லண்டனுக்கோ மெல்பர்னுக்கோ படிக்கப் போகிற பிள்ளைக்கு ஊரே கூடிப் புத்திமதி சொல்லும். குளிருக்கு என்ன போட வேண்டும், அரிசி எங்கே கிடைக்கும், வீட்டுக்காரரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று மாமாவும் சித்தியும் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ கண்டியிலிருந்தோ தமிழ்நாட்டுக்குப் படிக்க வருகிற பிள்ளைக்கு அப்படி யாரும் எதுவும் சொல்வதில்லை. ‘இந்தியாதானே’ என்று முடித்துவிடுவார்கள். கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போய்ச் சேர ஏறக்குறைய நான்கு மணி நேரம். கடலைத் தாண்டுவதைவிடக் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டத்தான் பொழுது அதிகம் பிடிக்கிறது.

பக்கத்து நாட்டில் போய்ப் படிப்பது எளிது என்ற இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா? அதைச் சோதித்துப் பார்க்கக் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடர் நல்ல இடம். மிஷனாரிகளின் பிள்ளைகள், குருமாணவர்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கூட்டங்கள் இந்த மலைக்குக் கடல் கடந்து வந்து படித்திருக்கின்றன. மூன்று கூட்டத்திலும் இலங்கையிலிருந்து வந்தவர்கள் உண்டு. அதே மலை, அதே மூடுபனி. ஆனால் அவர்கள் நிலைகொண்ட விதத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்த வித்தியாசம் பிள்ளைகளின் சாமர்த்தியத்தால் வந்ததல்ல. அவர்களுக்கு யார் பொறுப்பேற்றார்கள் என்பதால் வந்தது. இதுவே என் வாதம்.

ஆய்வாளர்கள் இதை வேறு மாதிரிப் பார்த்திருக்கிறார்கள். ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற நார்வே சமூகவியலாளர், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய்த் திரும்பிய 200 நார்வேக்காரர்களிடம் விசாரித்து 1955இல் ஒரு கட்டுரை எழுதினார். போன புதிதில் உற்சாகம், ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வருடத்துக்கும் நடுவே மனச்சோர்வு, அதற்குப் பிறகு மெல்ல மீட்சி. வரைந்து பார்த்தால் யூ என்ற ஆங்கில எழுத்துப்போல் வளையும். ஏறக்குறைய அதே காலத்தில் கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் ‘பண்பாட்டு அதிர்ச்சி’ என்ற கருத்தைப் பரப்பினார். இன்றும் வெளிநாட்டு மாணவர்களுக்கான அறிமுக வகுப்புகளில் இந்த வளைவைத்தான் காட்டுகிறார்கள். இத்தனைக்கும் ஆஸ்டின் சர்ச் என்பவர் 1982இலேயே அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அந்த வளைவுக்குச் சான்று பலவீனம் என்று எழுதிவிட்டார். பாட்டி வைத்தியம் மாதிரி, மறுத்தாலும் புழக்கத்திலிருந்து போகவில்லை.

நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது 1980இல் எடின்பரோ பல்கலைக்கழகத்து வெளிநாட்டு மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு. சொந்த ஊருக்கும் வந்த ஊருக்கும் உள்ள பண்பாட்டுத் தொலைவை அளக்க அதில் ஒரு முறை வகுத்தார்கள். தொலைவு கூடக்கூட மாணவரின் பதற்றமும் மருத்துவரிடம் போகிற தடவைகளும் கூடின. தேர்வு முடிவோடு மட்டும் அதற்குத் தொடர்பு தென்படவில்லை. இந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், அமெரிக்கப் பிள்ளை கொடைக்கானலில் தவித்திருக்க வேண்டும். நுவரெலியாவிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளை மறுநாளே ஒட்டியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு.

கொடைக்கானலின் பிறப்பிலேயே யாழ்ப்பாணத்துக்குப் பங்கு உண்டு. அமெரிக்க மிஷனாரிகள் 1816 முதல் யாழ்ப்பாணத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி அவர்களுடையதுதான். அங்கிருந்து கடல் கடந்து 1834இல் மதுரையில் ஒரு கிளையைத் தொடங்கினார்கள். மதுரை வெயிலும் காய்ச்சலும் குடும்பம் குடும்பமாக அவர்களைக் கொண்டுபோயின. முதலில் சிறுமலைக்குப் போய்ப் பார்த்தார்கள். காய்ச்சல் அங்கேயும் விடவில்லை. பிறகு இன்னும் உயரமான பழனி மலையில், ஏறத்தாழ 7,000 அடியில், 1845இல் வீடு கட்டினார்கள். ஏரியும் படகுத்துறையும் மாலையில் மிளகாய் பஜ்ஜிக்கு வரிசையும் எல்லாம் அதற்கப்புறம் வந்தவை. ஏரியே 1863இல் வியர் லெவிஞ்ச் என்ற ஆட்சியர் கரை போட்டு உண்டாக்கியது.

1901இல் ஹைகிளர்க் என்ற விடுதிக் கட்டடத்தில் 13 பிள்ளைகளோடு ஒரு பள்ளி தொடங்கியது. மார்கரெட் எட்டி முதல் தலைமையாசிரியை. இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் அதுதான். மதுரை, ஆர்க்காடு, யாழ்ப்பாணம் என்று பல மிஷன்களின் குடும்பங்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போயின. அன்றைக்கு மோட்டார் ரோடு கிடையாது. அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடை ரோடு நிலையத்தில், ரயிலிலிருந்து இறங்கி, மாட்டுவண்டியில் அடிவாரம் வந்து, அங்கிருந்து டோலியிலும் குதிரையிலும் ஏறவேண்டும். லாஸ் காட் என்கிற மலைச்சாலை முழுமையாகத் திறந்தது முதல் உலகப்போர்க் காலத்தில்தான்.

இந்தப் பள்ளியின் நாட்காட்டியைக் கவனியுங்கள். மற்ற பள்ளிகள் மூடும் கோடையில் இங்கே வகுப்பு நடக்கும். கீழே வெயில் தாங்காமல் பெற்றோர்கள் மலையேறி வந்து வாடகை வீடு பிடித்துத் தங்குவார்கள். விடுதிப் பிள்ளைகள் அந்த வாரங்களில் வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்து போவார்கள். பெரிய விடுமுறையை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் கடைசியில் விட்டு, சமவெளி குளிர்ந்திருக்கும் மாதங்களில் பிள்ளைகளை ஊருக்கு அனுப்புவார்கள். எங்கே தவிப்பு வருமோ அங்கே முன்கூட்டியே ஒரு ஏற்பாடு. பாடத்திட்டம் அமெரிக்காவினுடையது, பேச்சு ஆங்கிலம், ஞாயிறு வழிபாடு சொந்தச் சபையினுடையது. சுவீடன் மிஷனாரிகளும் தங்கள் பிள்ளைகளுக்கென்று இதே ஊரில் தனியாக ஒரு பள்ளி நடத்தினார்கள்.

அந்தப் பிள்ளைகள் கொடைக்கானலில் தவிக்கவில்லை. ஏனென்றால் கொடைக்கானலில் அவர்கள் வாழவேயில்லை என்றும் சொல்லலாம். தமிழ் பெரும்பாலும் ஆயாவோடும் சமையற்காரரோடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் பேசுகிற மொழியாகவே நின்றுவிட்டது. கணக்கு பிற்பாடு தீர்க்கப்பட்டது, அமெரிக்கா திரும்பிய பிறகு. ரூத் ஹில் யூசீம் என்ற சமூகவியலாளர் ஐம்பதுகளில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தபோதுதான் ‘மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்’ என்ற கருத்தே உருவாயிற்று: பெற்றோரின் நாடும் சொந்தமாகாமல், வளர்ந்த நாடும் சொந்தமாகாமல், இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒரு வட்டத்தையே வீடாகக் கொண்டவர்கள். எழுபதுகளில் பள்ளி தன் போக்கை மாற்றிக்கொண்டது. இந்தியப் பிள்ளைகளுக்கும் பிற நாட்டுப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்து, 1976இல் ஐ.பி. பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது, இந்தியாவில் அப்படிச் செய்த முதல் பள்ளி அதுவே. இன்றைக்கு அதன் மைதானத்தில் பல நாட்டுப் பிள்ளைகள் ஒன்றாக விளையாடுகிறார்கள். மைதானத்தின் பெயர் மட்டும் இன்னும் பெண்டி ஃபீல்ட். ஒருகாலத்தில் வண்டிமாடு அவிழ்த்துவிட்ட இடம்.

ஏரியிலிருந்து சில கிலோமீட்டர் கீழே செண்பகனூர். அங்கே 1895இல் இயேசு சபையினர் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். சுற்றுலாப் பயணிக்குத் தெரிந்தது அதன் அருங்காட்சியகமும் ஆர்க்கிட் தோட்டமும்தான். ஆனால் அது முதலில் குருமாணவர்களின் கல்விச்சாலை. ஐரோப்பாவிலிருந்தும் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த இளைஞர்கள் அங்கே ஒரே கூரையின் கீழ்ப் படித்தார்கள். கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் 1934இல் பிறந்த அலோசியஸ் பீரிஸ் என்ற சிங்கள இளைஞர் 1959இல் இங்கேதான் தத்துவத்தில் பட்டம் முடித்தார். பின்னாளில் பௌத்தவியலில் முனைவர் பட்டம் பெற்று, களனியில் துலானா என்ற ஆய்வு மையத்தை நிறுவி, ஆசிய விடுதலை இறையியலின் முக்கியக் குரல்களில் ஒருவரானார்.

அவர் செண்பகனூரில் இருந்த ஆண்டுகள் சாதாரண ஆண்டுகளல்ல. 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டும் சட்டம், 1958இல் கலவரம். ஒரு சிங்கள மாணவர் தமிழ்நாட்டு மலையில் படிக்க அதைவிட மோசமான வேளை கிடையாது. ஆனால் சபை வீட்டின் ஒழுங்கில் அதற்கு இடம் குறைவு. எழுவது, செபிப்பது, படிப்பது, நடப்பது, பேசாதிருப்பது எல்லாம் மணிப்படி. அந்தக் காலத்தில் இயேசு சபைக் கல்லூரிகளில் தத்துவப் பாடம் பெரும்பாலும் லத்தீனில். பெல்ஜியத்தாருக்கும் தமிழருக்கும் சிங்களருக்கும் ஒரே அளவு அந்நியமான மொழி. எல்லாரும் சம தூரத்திலிருந்து தொடங்கினார்கள். நோய் வந்தால் சபை பார்க்கும், விசாவுக்குச் சபை எழுதும், விடுமுறைக்குச் சபையின் இன்னொரு வீடு இருக்கும். ஒரு வெளிநாட்டு மாணவனுக்கு இதைவிட முழுமையான பாதுகாப்பு எங்கேயும் இராது. சபைக்குள் இருக்கிறவரைக்கும்.

இந்த இரண்டு வகையும் சிறுபான்மை. இலங்கையிலிருந்து பழனி மலைக்கு வந்து பள்ளிக்கூட வாசலில் நின்ற பெரும்பான்மைப் பிள்ளைகள் வேறு. யாரும் அவர்களை வெளிநாட்டு மாணவர்கள் என்று எண்ணவில்லை. காரணம், அவர்கள் கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது.

இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம், அங்கே தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பங்கு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கிய குடும்பங்கள் மண்டபம் முகாமில் தங்கி, கையில் குடும்ப அட்டையோடு ஆளுக்கொரு திசையில் போயின. இறங்கிய கரை பெரும்பாலோருக்கு முன்பின் பார்த்திராத கரை. தாத்தாவின் ஊர்ப் பெயர் மட்டும் தெரியும்.

அரசு கொடுத்த உதவிகளில் பெரும்பங்கு வியாபாரக் கடன். கொழுந்து பறித்துப் பழகியவர்களுக்கு வியாபாரம் தெரியாது. பணம் தரகர் கைக்கும் சாப்பாட்டுக்கும் போனது. கடைசியில் பலர் தெரிந்த தட்பவெப்பத்தைத் தேடி மலையேறினார்கள். நீலகிரிக்குப் போனவர்களில் ஒரு பகுதியினருக்கு அரசு தேயிலைத் தோட்டங்களில் வேலையும் லயன் வீடும் கிடைத்தன. கொடைக்கானலுக்கு வந்தவர்களுக்கு அதுவும் இல்லை. பழனி மலையின் மேற்பகுதியில் பெரிய தேயிலைத் தோட்டம் கிடையாது. அங்கே இருந்தது வாட்டில் மரமும் யூகலிப்டஸும். வாட்டில் பட்டை தோல் பதனிடப் போகும், மரம் கூழாகும். ஒப்பந்தக்காரர்கள் முன்பணம் கொடுத்து, கூப்பு எனப்படும் மரம் வெட்டும் பகுதிகளுக்குக் கூட்டிப்போனார்கள். வெட்டுகிற இடத்திலேயே பாலித்தீன் தாளும் புல்லும் போட்ட குடிசை. ஒரு கூப்பு முடிந்தால் அடுத்த கூப்பு. முன்பணம் தீரவே தீராது. எண்பதுகளில் இது கொத்தடிமை முறை என்று வெளியே தெரியவந்து, மீட்பு நடவடிக்கைகள் நடந்தன.

அந்தக் குடிசையிலிருந்த பத்து வயதுப் பிள்ளையின் படிப்பை எண்ணிப்பாருங்கள். ஹட்டன் பக்கத் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை, ஒரே அறையில், தமிழில் படித்தது. இங்கே சேர்க்கப் போனால் முதலில் டி.சி. கேட்பார்கள், தோட்டப் பள்ளியின் தாள் கப்பலில் நனைந்ததோ, மண்டபத்தில் தொலைந்ததோ. வயதுக்கு ஒரு வகுப்பு, படிப்புக்கு ஒரு வகுப்பு என்று இரண்டு கீழே போடுவார்கள். உதவித்தொகை வேண்டுமென்றால் சாதிச் சான்றிதழ் வேண்டும். சாதிச் சான்றிதழுக்குப் பூர்வீக ஊரிலிருந்து அத்தாட்சி வேண்டும். பூர்வீக ஊரில் அவர்களை அறிந்தவர் எவரும் உயிரோடில்லை. இதையெல்லாம் தாண்டிச் சேர்ந்த பிள்ளை, அப்பா அடுத்த கூப்புக்குப் போகும்போது நின்றுவிடும். அங்கே இந்தியாக்காரப் பிள்ளை, இங்கே சிலோன்காரப் பிள்ளை. மொழி ஒன்று, தெய்வம் ஒன்று, தட்பவெப்பமும் கிட்டத்தட்ட ஒன்று. எடின்பரோ அளவுகோலில் இந்தப் பிள்ளைக்குத் தொலைவு பூச்சியத்தை ஒட்டி நிற்கும்.

கொடைக்கானலில் இலங்கையின் தடம் வசதியானவர்கள் வழியாகவும் இருக்கிறது என்பதை இங்கே இடைச்செருகலாகச் சொல்ல வேண்டும். குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936இல் கட்டியவர் லீலாவதி ராமநாதன். சர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி, பிறப்பால் ஐரோப்பிய வழியினர், இந்து சமயத்தைத் தழுவியவர். ராமநாதனே சிறுவயதில் கொழும்பிலிருந்து சென்னைக்கு அனுப்பப்பட்டு மாநிலக் கல்லூரியில் படித்தவர். அவருக்கு முன்னும் பின்னும் அந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக 1857இல் தேறியவர்கள் இருவரும் வட்டுக்கோட்டையில் படித்த யாழ்ப்பாணத்தார்: சி.வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. பிற்பாடு புதுக்கோட்டையில் நீதிபதியான தாமோதரம்பிள்ளை தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். சேவியர் தனிநாயகம் அடிகள் நாற்பதுகளில் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்துவிட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து தமிழ் படித்தார். இவர்களுக்கு யாரும் தடை சொன்னதில்லை. ஒரே பேரரசு, பாஸ்போர்ட் கேட்காத கடல், கூடவே சபையோ குடும்பச் செல்வமோ பின்னால் நின்றது. பேரரசு போய் இரண்டு நாடுகளானதும் அந்தப் பாதை படிப்படியாக அடைபட்டது.

1983க்குப் பிறகு போருக்குத் தப்பி அகதிகளாக வந்தவர்கள் கதை ஓரளவு எல்லாருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்லலாம். திண்டுக்கல் மாவட்டத்திலேயே தோட்டனூத்தில் ஒரு முகாம் இருக்கிறது. அகதிப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி தடையின்றித் திறந்தது, அது தமிழ்நாட்டுக்குப் பெருமை. 1991க்குப் பிறகு கல்லூரிக் கதவு மூடியது, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் திறந்தது. முகாமுக்குள்ளிருந்தே 1984இல் உருவான ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் ஒவ்வொரு மாணவருக்காகவும் அலுவலகம் அலுவலகமாக ஏறியிறங்கியது. சொந்த நாட்டில் போரும் வந்த நாட்டில் சந்தேகமும் இருந்தும் அந்த முகாம்களிலிருந்து பட்டதாரிகள் பெருகினார்கள். கூப்புகளுக்குப் போன தாயகம் திரும்பியோரின் பிள்ளைகளுக்கு அப்படிப் பொறுப்பேற்று அலைய ஆரம்பத்தில் யாரும் இல்லை. இரண்டு கூட்டமும் ஏழைகள்தான். இரண்டும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள்தான். சட்டப்படி பார்த்தால் அகதிக்குத்தான் உரிமை குறைவு. ஆனாலும் படிப்பில் அகதிப் பிள்ளை முந்தியது.

இன்றைக்கு முறைப்படி வருகிற மாணவரின் நிலை என்ன? இலங்கை மாணவர்களுக்கு இந்திய அரசு ஐ.சி.சி.ஆர். வழியாக நேரு நினைவு, மௌலானா ஆசாத், ராஜீவ் காந்தி ஆகிய பெயர்களில் உதவித்தொகைகள் தருகிறது. பழனி மலையையும் அடிவாரத்தையும் எடுத்துக்கொண்டால், அட்டுவம்பட்டியில் 1984இல் நிறுவிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம், சின்னாளப்பட்டிப் பக்கம் காந்திகிராமம், சற்றுத் தள்ளி மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்று படிக்க இடங்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாணவி இங்கே வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் தொல்லை தேதி. இலங்கையின் உயர்தரப் பரீட்சையும் முடிவும் நம் கல்லூரிச் சேர்க்கையோடு ஒத்துப்போவதில்லை. முடிவு வந்து, இசட் மதிப்பெண் வந்து, பல்கலைக்கழக அனுமதி கிடைக்குமா என்று பார்த்து முடிப்பதற்குள் இங்கே ஜூன் தாண்டிவிடும். ஒரு வருடம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அடுத்தது சமநிலைச் சான்றிதழ். பதின்மூன்று வருடப் பள்ளிப் படிப்பில் கடைசி இரண்டு வருடமும் மூன்றே பாடங்களை ஆழமாகப் படித்தவள் அவள். நம் பிளஸ் டூ ஆறு பாடம். எதற்கு எது சமம் என்று டெல்லியிலிருந்து சொல்ல வேண்டும். வந்து இறங்கியதும் 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். 2018 முதல் அது இணையத்தில் முடிகிறது என்பது பெரிய நிம்மதி. தங்கும் இடத்துக்காரர் தம் பங்குக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் பதிய வேண்டும். நாயுடுபுரத்திலோ ஆனந்தகிரியிலோ அறை வாடகைக்கு விடுகிற ஒரு பெரியவருக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்தால், ‘போலீஸ் சமாச்சாரம் எதுக்கும்மா’ என்று அறையே இல்லை என்பார்.

பிறகு சின்னச் சின்ன விஷயங்கள். டீக்கடையில் எல்லாரும் க்யூஆர் அட்டையில் போனைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். இந்திய வங்கிக் கணக்கு திறக்கும்வரை அவள் சில்லறைக்கு அலைகிறாள். கணக்குக்குப் பதிவுச் சான்று வேண்டும், பதிவுக்கு இங்கத்திய போன் எண் இருந்தால் நல்லது, எண்ணுக்கு முகவரிச் சான்று வேண்டும். ‘பாண் இருக்கா அண்ணா?’ என்று பிரெட் கேட்டால் கடைக்காரர் விழிப்பார். இரண்டு வாக்கியம் பேசினால் ‘கேரளாவா?’ என்பார்கள். இல்லை, யாழ்ப்பாணம் என்றதும் ஒரு கணம் மௌனம். அப்புறம் போரைப் பற்றிக் கேள்வி. அவள் போர் முடிந்தபோது தொட்டிலில் இருந்த பிள்ளை. வகுப்பில் பேராசிரியர் அவளைத் தமிழ்நாட்டு மாணவி என்றே நினைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் வேகமாகப் போவார். நேபாளத்திலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ ஒரு மாணவர் இருந்தால் அவருக்காக நிறுத்திச் சொல்வார். நெருங்கிய நாட்டிலிருந்து வருபவருக்கு நேர்கிற உண்மையான இடர் இது என்று நினைக்கிறேன். வெளியாள் என்ற சலுகையும் கிடைக்காது, உள்ளாள் என்ற அறிவும் இருக்காது. சாப்பாட்டைப் பற்றி மட்டும் நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். மெஸ் சாம்பாரை எல்லா மாணவரும்தான் திட்டுகிறார்கள். அதுவே ஒரு நட்புக்கு வழி.

இதில் பாதி, நிறுவனம் நினைத்தால் ஒரு வாரத்தில் தீர்கிற காரியம். வெளிநாட்டு மாணவருக்கென்று அலுவலகத்தில் ஒருவர், அவர் கூடவே வங்கிக்குப் போய் ஒரு கையெழுத்து, வார்டனுக்குப் பதிவு விதி தெரிந்திருப்பது, நீண்ட விடுமுறையில் விடுதியைப் பூட்டாமல் நான்கு அறையாவது திறந்து வைப்பது. ஹைகிளர்க் நூறு வருடத்துக்கு முன்னால் யோசித்த நாட்காட்டி யோசனைதான். ஆனால் நம் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவரைத் தரவரிசைப் படிவத்தில் நிரப்புகிற ஓர் எண்ணாகவே பெரும்பாலும் பார்க்கின்றன. படிவத்துக்கு எண் போதும், அந்த மாணவி தீபாவளிக்கு எங்கே போவாள் என்பது தேவையில்லை.

போய் வருகிற பரிமாற்றம் என்று பார்த்தால் நிலை இன்னும் மோசம். ஐரோப்பாவில் எராஸ்மஸ் திட்டம் 1987இல் 11 நாடுகளோடும் 3,244 மாணவர்களோடும் தொடங்கியது. ஒரு பருவம் பக்கத்து நாட்டில் படித்தால் அந்த மதிப்பெண் சொந்தக் கல்லூரியின் கணக்கில் ஏறும். அதனால்தான் அது லட்சக்கணக்கில் வளர்ந்தது. நம் பக்கம் சார்க் நாடுகள் சேர்ந்து 2010இல் டெல்லியில் தெற்காசியப் பல்கலைக்கழகம் தொடங்கின. நல்ல முயற்சி, ஆனால் அதுவும் எல்லாரும் டெல்லிக்கு வருகிற ஏற்பாடே. மதுரை மாணவர் ஒரு பருவம் யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ படித்துவிட்டு வருவது சாதாரணமாக நடக்கிற காரியமல்ல. தமிழிலேயே பட்டப்படிப்பு நடக்கிற பல்கலைக்கழகங்கள் அங்கே இருக்கின்றன. தமிழ் இலக்கியமும் வரலாறும் படிக்கிற நம் மாணவருக்கு அதைவிடப் பொருத்தமான வெளிநாடு எது? அங்கே போய்த் தானும் ஒரு மாதம் ‘எந்த ஊர்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவர், இங்கே வருகிறவரை வேறு மாதிரி நடத்துவார். 1834இல் யாழ்ப்பாணத்து மிஷனாரிகள் பழக்கிய பாதை அது. இன்று ஒரு பக்கமாகத்தான் ஆள் வருகிறது, அதுவும் குறைவாக.

போக்குவரத்தாவது முன்னேறியிருக்கிறதா என்றால், அரைகுறையாக. தலைமன்னார்–ராமேசுவரம் கப்பல் 1984இல் நின்ற பிறகு பல பத்தாண்டுகள் பெரும்பாலும் விமானமே வழி. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. ஒரு வாரத்துக்குள் வடகிழக்குப் பருவமழை காரணமாக நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டு, நவம்பரில் கடல் கொந்தளித்ததும் மறுபடி நிறுத்தினார்கள். மழைக்காலம் முடிந்து பிப்ரவரியில் ஓடுகிறபோது கல்லூரியில் மாதிரித் தேர்வு நடக்கும். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஊர் போக நினைக்கிற மாணவி கொடைக்கானலிலிருந்து இறங்கி விமானம்தான் பிடிக்க வேண்டும். டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு ‘இந்த முறை வேண்டாம் அம்மா’ என்று அவள் வாட்ஸப்பில் சொல்லும்போது, விடுதியை எந்தத் தேதியில் பூட்டுகிறார்கள் என்ற சுற்றறிக்கை அறிவிப்புப் பலகையில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும்.